ஏழாம் நம்பர் கல்

எண்ணூர் விரைவுச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள். நான் கல்லைப் பார்ப்பேன்.

கடல் அரிக்காமல் இருக்க அரசாங்கம் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிய கருங்கல்தான். கரையிலிருந்து கடலுக்குள் நீளமாகக் கொட்டியிருந்தால் அதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர். எங்கள் குப்பத்துக்கு வடக்கே அப்படி ஒன்று இருக்கிறது. அதன் தென்பக்கம் மணல் சேர்ந்து கிடக்கும். அந்த மணலில், மற்ற கற்களோடு சேராமல், ஒரு பெரிய கல் தனியாக நிற்கிறது. லாரிக்காரர் அவசரத்தில் இறக்கிவிட்டுப் போயிருப்பார். என் தலைக்கு மேலே இன்னும் முக்கால் ஆள் உயரம், நாலு பக்கமும் செங்குத்து. அதன் உச்சியைத் தொட ஐந்து மாதம் முயன்றேன்.

நான் மீனவர் வீட்டுப் பெண். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அந்தக் கதை இங்கே வேண்டாம். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறாள். அண்ணன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறான். நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரும் பெட்டிக்கும் போகும் பெட்டிக்கும் நம்பர் சரிபார்ப்பதே பிழைப்பு. இதற்கும் பாறை ஏறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஒன்றுமில்லை.

ஆரம்பித்து வைத்தது எங்கள் ஆபீஸ்தான். ஊழியர்களுக்குள் ஒற்றுமை வளரட்டும் என்று ஒரு சனிக்கிழமை எங்களைத் தென்சென்னையில் ஒரு கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிளாஸ்டிக் பிடிகள், கீழே தடித்த மெத்தை. கயிறு கட்டாமல், விழுந்தால் தாங்கும் உயரத்துக்குள் ஏறுவதற்கு போல்டரிங் என்று பெயராம். ஒற்றுமை ஒன்றும் வளரவில்லை, எல்லோரும் செல்ஃபி எடுத்தார்கள். நான் மட்டும் சுடிதார் பேண்ட்டைச் சுருட்டி விட்டுக்கொண்டு ஏறிக்கொண்டே இருந்தேன். விழுந்தேன், மறுபடி ஏறினேன். கடைசிப் பிடியை இரண்டு கையாலும் பற்றிய அந்த நொடியில் என் தலைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. மாமியார் இல்லை, வக்கீல் இல்லை, பெட்டி நம்பர் இல்லை. அப்படி ஒரு அமைதி எனக்குள் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுபடி அது வேண்டும் என்று இருந்தது. ஆனால் அந்தக் கூடத்துக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டே வெளியே பார்த்தால், வழி நெடுகக் கல். பிறந்ததிலிருந்து பார்த்த கல்தான். அன்றைக்குத்தான் அதில் பிடி தெரிந்தது.

காலை ஐந்தரைக்குப் போவேன். படகுகள் கரை திரும்புவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். கடல் பக்கத்துக் கற்களில் பாசி, தொட்டால் வழுக்கும். மணல் பக்கத்துக் கற்கள் காய்ந்து சொரசொரப்பாக இருக்கும். குவாரியில் துளை போட்டு உடைத்த தடம் சில கற்களில் அரைக் குழாய் மாதிரி இருக்கும். விரலை அதற்குள் விட்டால் நன்றாகப் பிடி கிடைக்கும். சில இடுக்குகளில் காலைக்கடனுக்கு வந்தவர்கள் விட்டுச் சென்றதும் இருக்கும். அதையெல்லாம் தாண்டித்தான் ஆன்மிகம்.

விழுவதற்கு மெத்தை இல்லையே என்றதும் அண்ணன் கழித்துப்போட்ட பழைய வலையைக் கொடுத்தான். அதைச் சுருட்டிக் கல்லடியில் போட்டால் மணலோடு சேர்ந்து நன்றாகத் தாங்கும். அம்மாதான் கத்தினாள்.

"பொட்டச்சி வலைய தாண்டக் கூடாதுன்னு தெரியாதா உனுக்கு? அது மேல போயி வுழுவுறாளாம்."

"தாண்டலியேம்மா, வுழுறாதானே" என்றான் அண்ணன். அதற்கு அம்மாவிடம் சட்டம் இல்லை.

ஏறுகிறவர்கள் கை வியர்க்காமல் இருக்க வெள்ளைப் பொடி தடவுவார்கள். ஆன்லைனில் ஒரு பொட்டலம் வாங்கினேன். அம்மா அதைக் கோலமாவு டப்பாவில் கொட்டி, இரண்டு நாள் வாசலில் கோலமும் போட்டுவிட்டாள். கோலம் ஒட்டவில்லை என்று கடைக்காரரைத் திட்டினாள்.

ஆறு கற்களை முடித்தேன். ஏழாவது, அந்தத் தனிக்கல், மசியவில்லை. முக்கால் உயரம் வரை போவேன். வலது கை ஒரு துளைத்தடத்தில் இருக்கும். அங்கிருந்து இடது கையை நீட்டி உச்சி விளிம்புக்கு ஒரு எட்டு எட்ட வேண்டும். அந்த எட்டில்தான் தினமும் விழுவேன். கீழே ஒரு ஆள் நின்று, "காலை இன்னும் கொஞ்சம் இப்படி வை" என்று சொன்னால் போதும் என்று தோன்றும். அந்தக் கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட அப்படிச் சொன்னார்கள். எங்கள் குப்பத்தில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் பிடித்திருந்தது. கல்லை முடிக்க எவ்வளவு ஆசைப்பட்டேனோ, அதே அளவுக்கு அந்த ஒரு ஆளுக்கும் ஆசைப்பட்டேன்.

கல்லோடு ஒட்டிக்கொண்டு ஏறும்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அங்கங்கே வெள்ளைப் பொடியால் கோடு போட்டு வைப்பேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யார்டில் வேலை பார்க்கிற புத்தி, ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒன்று, இரண்டு என்று சாக்பீஸால் பெரிதாக நம்பரும் போட்டேன். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு. ஒன்றோடு குழம்பக் கூடாது என்று யார்டில் அப்படித்தான் எழுதுவோம்.

எங்கள் பக்கத்தில் வெள்ளை நம்பர் என்றால் ஒரே அர்த்தம்தான். அளக்க வந்துவிட்டார்கள். முதலில் நம்பர் போடுவார்கள், பிறகு நோட்டீஸ் ஒட்டுவார்கள், பிறகு புல்டோசர் வரும். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று அந்த மாதம் டீக்கடையில் பேச்சு வேறு. இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கல்லைப் பார்க்கும்போது எனக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கோயில் மைக்கில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு எந்தப் படகும் கடலுக்குப் போகக் கூடாது, மொத்த ஊரும் தாலுகா ஆபீசுக்குப் போகிறது, அதைப் பேச இன்றைக்கு ஆறு மணிக்கு ஊர்க் கூட்டம். அண்ணன் போனை நீட்டினான். ஊர் குரூப்பில் வந்த போட்டோ. கருங்கல், அதன் அடியில் வெள்ளையாக ஏழு, நடுவில் குறுக்குக் கோடு.

"ண்ணா, அது நான் போட்டது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். "வாய மூடிக்கினு இரு. பொழுது சாஞ்சதும் போயி அழிச்சிட்டு வா. மழையில போச்சின்னு நினைச்சிக்குவாங்கோ."

"நாளைக்குத் தொழில் போயிடுமே. நீ போயி கூட்டத்துல சொல்லிடு."

"எந்தங்கச்சி கல்லு மேல ஏறி விளையாட்றான்னு ஊருக்கு முன்னாடி நான் சொல்லணுமா? இன்னா பேஜாரு இது."

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் இல்லை. ஆண்கள் கோயில் முன்னால் உட்காருவார்கள், பெண்கள் தண்ணீர்க் குழாய் ஓரமாக நின்று கேட்பார்கள். நானும் அங்கேதான் நின்றேன். பக்கத்தில் அம்மா. அவளிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். நாலு தெருவுக்குக் கேட்கும்படி மீன் கூவி விற்கிற குரல் அவளுக்கு. ஒரு வினாடி யோசித்துவிட்டு அதை எடுத்தாள்.

"எம் பொண்ணு இன்னாவோ சொல்லணுமாம். சித்த கேளுங்கோ."

சொன்னேன். யாரும் அளக்க வரவில்லை, நான்தான் ஏறிப் பழகுவதற்காக எழுதினேன் என்று சொல்லி முடித்ததும் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கூட்டம் முழுக்கச் சிரித்தது. பயம் விட்டுப்போன சிரிப்பு. ஊர்த் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு மாமா முறை வேண்டும்.

"இன்னாத்துக்கும்மா ஏறுற?"

"சும்மாதான் மாமா."

"மேல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா ஊரையே ரோட்டுக்கு இழுத்துவுடப் பாத்த?"

இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு அதைச் சொல்லத் தெரியாது. கல்லில் கால் வழுக்கி ஒருத்தன் செத்துப்போனதை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். அதுவும் உண்மைதான். தலைவர் முடிவு சொன்னார்: இனிமேல் மீன்பிடிக்கப் போகிறவர்களைத் தவிர யாரும் அந்தக் கல் பக்கம் போகக் கூடாது. நான் போனால் எங்கள் வீட்டை ஊர் தள்ளி வைக்கும்.

தள்ளி வைத்தால் அண்ணன் படகைத் தள்ள ஒரு கை வராது. வீட்டில் நல்லது கெட்டது என்றால் ஒருவரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள். அதனால் போகவில்லை. ஒன்றரை வருடம் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ரோ பிடித்துத் தென்சென்னைக்குப் போக ஆரம்பித்தேன். நல்ல கூடம், நல்ல மனிதர்கள். இடுப்பைச் சுவரோடு ஒட்டு, கையை நம்பாதே காலை நம்பு என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். ஏழாம் நம்பர் கல்லைவிடக் கஷ்டமானதையெல்லாம் ஏறினேன். கை தட்டினார்கள். ஆனால் அங்கே மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிடிகளையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவார்கள். இன்று நான் ஏறியது நாளை இருக்காது. என் கல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. தினமும் பஸ்ஸின் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்து, ஓடுகிற முப்பது நொடிக்குள் மனதால் ஏறுவேன். வலது கால், இடது கை, துளைத்தடம், எட்டு. மனதிலும் அங்கேதான் விழுவேன். ஒரு கல்லுக்காகக் கண் கலங்குவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் கல்லின் மேல் விளிம்பில் வெள்ளையாக ஒரு தீற்றல் தெரிந்தது. கடற்காக்கை எச்சம் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் கீழேயும் இரண்டு இடத்தில் வெள்ளை. மூன்றாம் நாள் யார்டுக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.

எச்சம் இல்லை. பொடி. யாரோ ஏறியிருக்கிறார்கள்.

நம்பர் இல்லை, கோடு இல்லை. சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும். என்னைவிடப் புத்திசாலி. புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி குறைவாக இருந்தது, என்னைவிடக் குட்டையான ஆள். துளைத்தடத்துக்குப் பக்கத்தில் இருந்த புள்ளியை இரண்டு தடவை பார்த்தேன். நான் ஐந்து மாதம் நேராக எட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஆள் இடது பக்கம், நான் கவனிக்கவே கவனிக்காத ஒரு மடிப்பில் காலை மாற்றி, அங்கிருந்து ஏறியிருந்தார். கீழே நின்று ஒருவர் சொல்ல வேண்டும் என்று ஏங்கினேனே, அதை ஒருவர் கல்லிலேயே எழுதிவிட்டுப் போயிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து காத்திருக்கலாம் போல இருந்தது. ஆனால் எனக்கு வந்தது பயம். ஊரில் யாராவது பார்த்தால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். அண்ணன் படகு, பிள்ளைகள். அந்த ஆளும் மாட்டிக்கொள்வார். அவருக்காகத்தான் செய்தேன் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை.

துப்பட்டாவைக் கடலில் நனைத்து, கைக்கு எட்டிய புள்ளிகளைத் துடைத்தேன். மேலே இருந்தவை எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். கீழே வலை இல்லை. அந்த ஆள் வைத்த இடத்திலெல்லாம் விரலை வைத்து, வைத்தபின் துடைத்து, துளைத்தடத்தில் வலது கை, இடது மடிப்பில் கால் மாற்றம். கை விளிம்பில் இருந்தது. அவ்வளவு சுலபமாக. உச்சியில் வெள்ளையாக ஐந்து விரல் தடம். அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். சின்னக் கை. அதையும் துடைத்துவிட்டு, விளிம்பைப் பிடித்துத் தொங்கி மணலில் குதித்தேன். ஆபீசுக்குப் பத்து நிமிடம் லேட். துப்பட்டா உப்புப் பூத்து விறைத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு கல்லில் வெள்ளை வரவேயில்லை.

நான் செய்தது என்ன என்று புரிய ஒரு வாரம் ஆனது. யாருக்கும் தெரியாமல் ஏறுகிற ஒருவர், காலையில் வந்து பார்க்கிறார், தன் புள்ளிகள் எல்லாம் துடைக்கப்பட்டிருக்கின்றன. அவர் என்ன நினைப்பார்? யாரோ பார்த்துவிட்டார்கள், போய்விடு என்று சொல்கிறார்கள். என்னை நிறுத்த ஒரு ஊர்க் கூட்டம் தேவைப்பட்டது. அந்த ஆளை நிறுத்த என் துப்பட்டா போதுமானதாக இருந்தது.

தேடினேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்களின் விரல் நுனியைப் பார்ப்பேன். ஏறுகிறவர்களுக்கு அங்கே தோல் தடித்துப்போகும். ஆனால் எங்கள் பக்கத்தில் வலை இழுக்கிறவர்களுக்கும் இறால் உரிக்கிறவர்களுக்கும் எல்லாம் அப்படித்தான். ஊர்ப் பெண்கள் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அண்ணியைக்கூட ஒருநாள் கையை நீட்டச் சொன்னேன். "இன்னாம்மா, ஜோசியம் பாக்கப் போறியா?" என்று சிரித்தாள்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை மறுபடி போனேன். ஊர்க் கட்டுப்பாட்டை இரண்டாவது தடவை மீறினேன். அந்த ஆளின் வழியிலேயே ஏறினேன். எந்தக் கஷ்டமும் இல்லை, அதுவே வருத்தமாக இருந்தது. உச்சி விளிம்பில், அந்தக் கைத்தடம் இருந்த இடத்தில், வடை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்கிறேன். துடைத்தது ஊர் இல்லை, உன்னைப் போல ஒருத்திதான் என்று அந்த ஆளுக்குத் தெரிய வேண்டும். அதற்கு வேறு வழி தெரியவில்லை.

சனியும் திங்களும் செவ்வாயும் புதனும் புள்ளி இருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்தேன். வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ராயபுரத்தில் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய் நான் மட்டும் தங்கினேன். அங்கே இரண்டாம் நாள் லேசாகத் தூறியது.

சனிக்கிழமை வேலைக்குப் போகும்போது பார்த்தேன். புள்ளி இல்லை. அலை அந்த உயரத்துக்கு வராது. தானாக உதிர்கிற அளவுக்கு நான் லேசாகவும் பூசவில்லை. மழையாக இருக்கலாம். இல்லையென்றால் ஒரு சின்னக் கை ஏறி வந்து, நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று துடைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அந்த இரண்டு நாளில் எங்கள் குப்பத்தில் மழை பெய்ததா என்று அம்மாவிடம் கேட்டால் சொல்லிவிடுவாள். நான் இதுவரை கேட்கவில்லை.